'வெப்பக்காப்பு' என்ற ஒரே சொல் போதுமா? பற்றவைப்புப் பாகங்களுக்கான சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

1986–93 ஃபோர்டு மஸ்டாங் 5.0 காரின் பற்றவைப்புப் பாகங்களை மாற்றுவது பற்றித் தமிழில் ஒரு குறிப்பு தயாராகிறது. பிளக், பிளக் ஒயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர், ரோட்டர் எல்லாம் பட்டறையில் வேரூன்றிவிட்ட சொற்கள். அவற்றில் கைவைக்கவில்லை. ஹீட் ஸ்லீவ் (ஒயர்மேல் மாட்டும் உறை), ஹீட் சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் தகடு), ஹீட் சோக் (எஞ்சினை அணைத்த பிறகும் பாகங்களுக்கு ஏறும் சூடு) என்ற மூன்றுக்கு மட்டும் சொல் தேவை. வரைவில் முதல் இரண்டுக்கும் 'வெப்பக்காப்பு' என்றும் மூன்றாவதற்கு 'வெப்ப ஊறல்' என்றும் போட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

-----

> முதல் இரண்டுக்கும் 'வெப்பக்காப்பு'

ஐயா, இதை இப்படியே விட்டால் படிப்பவர் வண்டி நடுரோட்டில் நிற்கும். இரண்டும் எதிரெதிர் வேலை செய்பவை. பிளக் ஒயருக்கு வெளியிலிருந்து வரும் சூடு ஆகாது, அதனால் தடுக்கிறோம். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் திருகியிருக்கும் டிஎஃப்ஐ என்ற மின்னணுப் பற்றவைப்பு மாட்யூலோ தானே சூட்டை உண்டாக்குகிறது. காயிலின் மின்னோட்டத்தை நொடிக்குப் பலமுறை துண்டித்துச் சேர்ப்பது அதுதான். அந்தச் சூடு அடித்தகடு வழியே வெளியேறியாக வேண்டும். 'மாட்யூலுக்கு வெப்பக்காப்பு தேவை' என்று எழுதினால் யாராவது அலுமினியத்தாளும் கண்ணாடியிழைத் துணியும் சுற்றி அதை அவித்துவிடுவார்கள்.

ஆகவே ஒன்று தடுப்பு, மற்றது வடிப்பு. ஹீட் சிங்குக்கு 'வெப்பவடிகால்' என்று வைக்கலாம். மழைநீர் வடிகாலை அறிந்த எவருக்கும் வேலை என்னவென்று புரியும். வடிகால் அடைத்தால் என்ன ஆகும் என்பதும் புரியும். 1994–95 மஸ்டாங்கில் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கழற்றி, துடுப்புகள் உள்ள அலுமினியத் தகட்டோடு ஃபெண்டர் பக்கம் தள்ளி வைத்தார்கள். அந்தத் தகடுதான் வெப்பவடிகால். பழைய வண்டியிலும் இப்படித் தள்ளி வைப்பவர்கள் உண்டு. ஆனால் 94–95 வண்டியின் கறுப்பு மாட்யூலை எடுத்துப் பழைய வண்டியின் சாம்பல்நிற மாட்யூல் இருந்த இடத்தில் போடக்கூடாது. உருவம் ஒன்றுபோல் இருந்தாலும் மின்வேலை வேறு.

ஸ்லீவுக்கு 'வெப்பவுறை' என்று யாரேனும் சொல்லும் முன் ஒரு வார்த்தை. கையுறை கையை மூடுகிறது, காலுறை காலை மூடுகிறது. இப்படிப்பட்ட சொற்களில் உறை எதை மூடுகிறதோ அதன் பெயர்தான் முன்னால் வருகிறது. அப்படிப் பார்த்தால் வெப்பவுறை என்பது எஞ்சினின் புகையை வெளியேற்றும் சூடான ஹெடர் குழாயின் மேல் சுற்றும் பட்டைக்குத்தான் பொருந்தும். (அந்தப் பட்டை ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்புக் குழாயை அரித்துவிடும் என்பது தனிக்கதை.) ஒயரில் மாட்டுவது 'ஒயருறை', பிளக்கின் தலைமேல் உட்காரும் ரப்பருக்கு மேல் மாட்டுவது 'பிளக்-கேப் உறை'.

-----

ஒயருறை, வெப்பவடிகால் இரண்டும் எனக்குச் சம்மதம். 'வெப்ப ஊறல்' வேண்டாம். ஊறல் என்றதும் போலீஸ் கொட்டி அழித்த சாராய ஊறல்தான் கண்ணில் நிற்கிறது. நையாண்டி ஒருபுறம் இருக்கட்டும், ஊறுவது ஈரம். ஆங்கிலத்தில் சூடு ஊறுகிறது என்பதற்காகத் தமிழிலும் ஊற வேண்டியதில்லை.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்வரை தண்ணீரும் ஃபேன் காற்றும் சூட்டை வாங்கிக்கொண்டு போகின்றன. சாவியைத் திருப்பியதும் இரண்டும் நிற்கின்றன. ஆனால் இரும்பு பிளாக்கின் சூடு எங்கும் போகவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் உடல் வழியாக மாட்யூலுக்கு ஏறுகிறது. அணைத்த பிறகு சிறிது நேரத்துக்கு அதன் வெப்பநிலை கூடத்தான் செய்யும். அதனால்தான் பெட்ரோல் போட நிறுத்திய வண்டி ஐந்து நிமிடம் கழித்துக் கிளம்பாமல் அடம்பிடிக்கிறது, அரைமணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது.

'புழுக்கம்' என்று சொல்லலாமே? காற்றில்லாமல் சூடு அடைந்து கிடப்பதுதானே அது.

-----

புழுக்கம் அழகான சொல். ஆனால் அது காற்றின் நிலை. இங்கே சூடு உலோகத்தின் வழியாக ஏறுகிறது. பானெட்டைத் திறந்து வைத்தால் புழுக்கம் போய்விடும், இது போகாது. 'அணைசூடு' என்று முதலில் யோசித்தேன், அணைக்கட்டின் சூடு என்று படிப்பார்கள். 'தங்குசூடு' எப்படி? ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை. தங்கிய, தங்குகின்ற, தங்கப்போகும் சூடு மூன்றும் அடங்கும்.

தங்குசூட்டில் வண்டி நின்றால் உடனே மாட்யூல் வாங்க ஓட வேண்டாம் என்பதையும் குறிப்பில் சேருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து அதன் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் பிக்கப் சென்சாரும் சூடேறினால் இதே ஆட்டம்தான் ஆடும். காரின் கணினியில் 14 என்ற குறியீடு வந்தால் அந்தச் சென்சாரின் சமிக்ஞை விட்டுவிட்டு வருகிறது என்று பொருள். அதை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துப் பல்சக்கரத்தையும் கழற்ற வேண்டும். மாட்யூல் போல மேலோட்டமான வேலை இல்லை.

-----

தங்குசூடு ஏற்றுக்கொள்கிறேன். இன்னொரு குழப்பத்தை யாரும் தொடவில்லை: பசை. பிளக்-கேப்பின் உள்ளே தடவும் சிலிகான் பசையையும், மாட்யூலின் அடியில் தடவும் பசையையும் பலர் ஒரே டியூபிலிருந்து எடுக்கிறார்கள். முதலாவது மின்காப்புப் பசை. இரண்டாவது வெப்பங்கடத்திப் பசை, கணினிச் சில்லுக்குத் தடவுவது. ஃபோர்டின் பழைய கையேடு மாட்யூலுக்கும் சிலிகான் பசையைத்தான், அதுவும் சுமார் 0.8 மி.மீ. தடிமனுக்குத் தடவச் சொன்னது. வெப்பங்கடத்திப் பசைக்கு அந்த அளவு ஆகாது. தகடும் தகடும் தொடாத நுண்குழிகளை நிரப்பும் மெல்லிய படலம் போதும். அப்பினால் பசையே சூட்டுக்குத் தடையாகிவிடும்.

-----

நன்றி. புதிய சொற்களோடு திருத்திய பத்தி இது:

"பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றவும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திருகு நீக்கி ஒயர்களோடு ஓரமாக வைக்கவும். மாட்யூலின் இரண்டு திருகுகளுக்கும் 5.5 மி.மீ. மெல்லிய சுவர் சாக்கெட் வேண்டும். திருகு வந்ததும் மாட்யூலை நேராகப் பிடுங்கக் கூடாது. முதலில் அடிப்பக்கம், அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கில் உட்காரும் பக்கம், சறுக்கி மூன்று பின்களையும் விடுவித்த பிறகே வெளியே எடுக்கவும். பிடுங்கினால் பின் ஒடியும். இரு தகடுகளிலும் பழைய பசையைத் துடைத்து, வெப்பங்கடத்திப் பசையை மெல்லியதாகத் தடவி, பின்களை ஒழுங்காகப் பொருத்தி, 1.7 முதல் 4 நியூட்டன் மீட்டர் வரை மட்டும் இறுக்கவும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப நேர்ந்திருந்தால், ஸ்பவுட் இணைப்பானை (கணினி டைமிங்கை மாற்றாதிருக்கக் கழற்றும் சிறு இணைப்பு) கழற்றி டைமிங் 10 டிகிரி இருக்கிறதா என்று பார்த்து, மறக்காமல் திரும்ப மாட்டவும்.

பிளக்குகளை எஞ்சின் ஆறிய பிறகே கழற்றவும். பிளக்-கேப்பைக் கால் சுற்று திருகி இழுக்கவும், ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். குழியிலுள்ள தூசியைக் காற்றால் ஊதிய பிறகு பிளக்கைக் கழற்றவும். புதிய பிளக்கின் இடைவெளி 1.37 மி.மீ. இதன் உட்காருமிடம் கூம்பு வடிவம், வாஷர் கிடையாது. 10 முதல் 20 நியூட்டன் மீட்டர் வரை மட்டும் இறுக்கவும், அதற்கு மேல் இறுக்கினால் அடுத்தமுறை கழற்றுவது பெரும்பாடு. ஹெடருக்கு அருகே போகும் ஒயர்களை ஒயருறைக்குள் சேர்த்துக் கட்டவும்."

-----

கடைசி வரியைத் திருத்துங்கள் ஐயா. 'சேர்த்து' என்ற சொல் அங்கே வரக்கூடாது. இந்த எஞ்சினின் வெடிவரிசை 1-3-7-2-6-5-4-8. ஆறும் ஐந்தும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், ஒன்றையடுத்து ஒன்று வெடிப்பவை. அந்த இரண்டு ஒயர்களும் ஒரே உறைக்குள் ஒட்டிப் போனால் ஆறின் மின்துடிப்பு ஐந்தின் ஒயரில் தூண்டலாகி, ஐந்து தன் முறைக்கு முன்பே பொறி விடும். ஒவ்வொரு ஒயருக்கும் தனி உறை. ஐந்தும் ஆறும் குறுக்கே போனால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

கண்ணாடியிழை உறைகள் சுமார் 650 டிகிரி செல்சியஸ் தாங்கும் என்று விற்கப்படுகின்றன. அது உறை கருகாத அளவே தவிர உள்ளே இருக்கும் சிலிகான் தாங்கும் அளவு அல்ல. உறை ஹெடரைத் தொட்டுக்கொண்டே இருந்தால் சூடு மெல்ல உள்ளே போய்விடும். உறை மாட்டிய பிறகும் ஒரு விரல் இடைவெளி வேண்டும். வெளியே அலுமினியம் பூசிய உறை வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பிவிடும், சரி. ஆனால் அது மின்சாரம் கடத்தும்; பிளக்-கேப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் பொறி பிளக்குக்குப் போகாமல் உறை வழியே சிலிண்டர் ஹெட்டுக்குத் தாவிவிடும். பழைய பிளக்-கேப்பின் மேல் அதை மாட்ட வேண்டாம்.

'மயிரிழை விரிசல்' பட்டறையில் 'ஹேர் கிராக்' என்றுதான் புழங்குகிறது. இரண்டையும் போட்டுவிடுங்கள்.