டிஷ்வாஷர்: டம்ளர் வெளுக்கிறது, மேல் தட்டில் மணல், அடியில் தண்ணீர் நிற்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நுரைப்பூ:

வீட்டோடு சேர்ந்து வந்த டிஷ்வாஷர் இது. கையேடு கிடையாது. முன்பு இருந்தவர்கள் அதை எப்படி வைத்திருந்தார்கள் என்றும் தெரியாது. ஆரம்பத்தில் நன்றாகத்தான் கழுவியது, இப்போது எல்லாம் ஒன்றாகக் கோளாறு.

கண்ணாடி டம்ளர்கள் பால் அலம்பின மாதிரி வெளுத்து வருகின்றன. மேல் தட்டில் கவிழ்க்கும் கோப்பைகளுக்குள் நறநறவென்று பொடி ஒட்டியிருக்கிறது. கீழ்த் தட்டில் அது இல்லை. முடிந்ததும் கதவைத் திறந்தால் ஃபில்டருக்கு மேலே இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கிறது. தண்ணீரை வெளியேற்றும் நேரத்தில் ஓர் உறுமல் மட்டும் வருகிறது. சில நாள் தானாகவே சரியாகி, தண்ணீர் முழுக்க வெளியே போய்விடுகிறது. அதுதான் எனக்கு இன்னும் குழப்பம்.

நான் போடுவது எல்லாம் ஒன்றில் அடங்கிய சோப்பு மாத்திரை. அதனால் மெஷினுக்கென்று உள்ள உப்பும் ரின்ஸ் எய்டும் (கடைசி அலசலில் சேரும் திரவம்) தனியாகப் போடுவதில்லை. தட்டுகளைக் குழாயில் நன்றாக அலசித்தான் அடுக்குகிறேன். ஒருவர் மாத்திரையை மாற்று என்கிறார், இன்னொருவர் மெஷினையே மாற்று என்கிறார். யாராவது வரிசையாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

உப்புக்கல்:

மேல் தட்டில் ஒரு கோப்பை வினிகரை நிமிர்த்தி வைத்து, வேறு பாத்திரம் எதுவும் இல்லாமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் வெள்ளைப் படிவு அதிலேயே குறைந்தது. மாத்திரையையும் மாற்றிப் பார்க்கலாம்.

திருப்புளி:

இந்த மெஷின்களைப் பிரித்துப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. நுரைப்பூ சொல்வதைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று கை கொடுக்கும் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. மாத்திரையை மாற்றினால் அதில் ஒன்றுகூடத் தீராது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தப் பெட்டிக்குள் தேய்க்கிற பொருள் எதுவும் இல்லை. 1886இல் அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் காப்புரிமை வாங்கிய மெஷினிலேயே பாத்திரங்களைக் கம்பித் தட்டில் நிறுத்தித் தண்ணீரின் வேகத்தால்தான் கழுவினார்கள். இன்றைக்கும் அதே சங்கதிதான். அதிலும் இப்போதைய மெஷின்கள் ஒரு முறைக்கு ஏறக்குறைய 10 லிட்டர்தான் எடுக்கும். அதையும் பகுதி பகுதியாக எடுத்து, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப அடிக்கும். அழுக்குத் தண்ணீர் வெளியே போகாமல் நின்றால் அடுத்த கட்டத்தில் அதுதான் உங்கள் கோப்பைக்குள் ஏறும். அதனால் மருந்தை யோசிப்பதற்கு முன்னால் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்.

வெளியேற்றும் பம்பில் ஆரம்பியுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீர் வரும் குழாயை மூடுங்கள். தேங்கிய தண்ணீரைக் கோப்பையாலும் ஸ்பாஞ்சாலும் எடுத்துவிட்டு ஃபில்டரைத் திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலான மெஷின்களில் அந்தக் குழியின் பக்கவாட்டில் சின்ன பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். ஒரு கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பினால் வந்துவிடும். அதன் பின்னால் இருப்பதுதான் பம்பின் விசிறி. வெறும் விரலை உள்ளே விடாதீர்கள். நான் அங்கிருந்து அதிகமாக எடுப்பது உடைந்த கண்ணாடிச் சில்லுதான். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பல் குத்தும் குச்சி, பழ விதை, பாட்டிலில் இருந்து உரிந்த லேபிள் எல்லாம் அங்கேதான் வந்து குடியேறும். ஒரு குச்சியால் விசிறியைத் தள்ளிப் பாருங்கள். வழவழவென்று சுற்றாது, தடுக்கித் தடுக்கித்தான் நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அது அப்படித்தான், பயப்பட வேண்டாம். அசையவே மறுத்தால்தான் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கதையில் சில நாள் தானே சரியாகிறது என்றால், சில்லு ஒன்று இடம் மாறி மாறி உட்கார்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் பின்னால் ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிடும்போது மெஷினின் குழியில் மட்டம் ஏறினால் பம்ப் மேல் குற்றமில்லை. சிங்க் கழிவுநீர்தான் திரும்பி வருகிறது. ஹோஸ் ஓரிடத்தில் உயரமாக வளைந்து பிறகு இறங்க வேண்டும், அதைச் செய்யாமல் விட்டிருப்பார்கள். ஒரு விஷயம், ஃபில்டருக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்குவது எல்லா மெஷினிலும் உண்டு. மேலே தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்புறம் மணல். ஃபில்டரை மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள், கம்பி நார் வேண்டாம். திரும்பப் பொருத்தும்போது கடைசிவரை திருகிப் பூட்டுங்கள். அரைகுறையாக உட்கார்ந்தால் அழுக்கு ஓரமாக நழுவி மேலே போய்விடும். மேல் ஸ்ப்ரே ஆர்மை, அதாவது சுற்றிக்கொண்டே தண்ணீர் பீய்ச்சும் துளை போட்ட கையைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே கலகலவென்றால் துணுக்கு இருக்கிறது. துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி, பிறகு குழாயடியில் தண்ணீரை உள்ளே செலுத்தி அலசுங்கள். பல் குத்தும் குச்சியால் மட்டும் குத்தாதீர்கள், நுனி ஒடிந்து உள்ளேயே தங்கும். மாட்டிய பிறகு கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். கீழ்த் தட்டில் நிற்கும் உயரமான பாத்திரம் அதைத் தடுத்தால் அன்றைக்கு மேல் தட்டு கழுவாது.

குழாயில் அலசி அடுக்குவதை விட்டுவிடலாம். ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டால் போதும். நிறைய மெஷின்களில் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்கும் சென்சார் உண்டு. ஆட்டோ புரோகிராமில் முதல் தண்ணீர் தெளிவாக வந்தால், வேலை அதிகமில்லை என்று அது நேரத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வெள்ளைப் படிவு தனி விவகாரம். ஒரு டம்ளரை எடுத்து, துணியில் வினிகரைத் தொட்டு ஓரிடத்தில் மட்டும் தேய்த்துக் காயவிடுங்கள். அந்த இடம் பளிச்சென்றால் சுண்ணாம்புப் படிவு, அதாவது தண்ணீரின் கடினத்தன்மை. மாறவே இல்லையென்றால் கண்ணாடியே அரித்துவிட்டது. எது என்று சொல்லுங்கள், மேலே பேசலாம்.

உப்புக்கல் சொன்ன வினிகர் கோப்பையைப் பற்றி: கெடுதல் பெரிதாக இல்லை, பலனும் பெரிதாக இல்லை. முதலில் வரும் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீரோடே வெளியே போய்விடும். படிவு நீக்க வேண்டுமென்றால் சிட்ரிக் ஆசிட் தூளை மாத்திரை வைக்கும் பெட்டியில் போட்டு, காலி மெஷினை ஓட்டுங்கள். வினிகரை ரின்ஸ் எய்ட் பெட்டியில் ஊற்றி வைப்பவர்கள் உண்டு. தினமும் அமிலம் பட்டால் ரப்பர் பாகங்கள் கெடும். பிளீச்சோடு எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும்.

நுரைப்பூ:

அண்ணா, நன்றி. மூடிக்குப் பின்னால் நகம் அளவு வளைந்த கண்ணாடிச் சில்லு ஒன்று, அதைச் சுற்றி நைந்துபோன லேபிள் காகிதம். இரண்டையும் எடுத்தபின் தண்ணீர் முழுக்க வெளியேறுகிறது, உறுமலும் இல்லை. மேல் ஆர்மில் ஒரு பக்கத் துளைகள் பாதி அடைந்திருந்தன.

வினிகர் சோதனையில் தடித்த டம்ளர்கள் எல்லாம் தெளிந்தன. காம்பு வைத்த மெல்லிய கோப்பைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. உப்பு மூடியைத் திறந்து பார்த்தேன், வெறும் தண்ணீர்தான். மாத்திரையிலேயே உப்பு இருக்கிறது என்கிறார்களே, தனியாகவும் போட வேண்டுமா? இன்னொன்று, பிளாஸ்டிக் டப்பாக்கள் சொட்டச் சொட்டத்தான் வருகின்றன. கதவைத் திறந்தால் லேசாக ஒரு நாற்றம்கூட.

வாசற்படி:

நாற்றத்துக்கு எங்கள் வீட்டு அனுபவம். கதவை முழுசாகத் திறந்து, அதன் கீழ் விளிம்பையும் அங்கே உள்ள ரப்பரின் அடிப்பக்கத்தையும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணி எந்த நிறத்தில் வருகிறதென்று. பீய்ச்சும் தண்ணீர் அந்த இடத்தை எட்டுவதே இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் சேர்கிறது. நாங்கள் எப்போதும் 50 டிகிரி ஈகோ (மின்சாரம் மிச்சம் பிடிக்கும்) புரோகிராமிலேயே ஓட்டுவோம், இப்போது மாதம் ஒரு முறை 70 டிகிரியில் ஓட்டுகிறோம். நாற்றம் போய்விட்டது. ஈகோவைக் குறை சொல்லவில்லை, சூட்டைக் குறைத்து நேரத்தை நீட்டுவதால்தான் அதில் மின்சாரம் மிச்சமாகிறது. ஆனால் கொழுப்பு அடியில் தங்காமலிருக்க நடுவில் ஒரு முறை நல்ல சூடு வேண்டும்.

பிளாஸ்டிக் சூட்டைப் பிடித்து வைக்காது, அதனால் பீங்கான் மாதிரி தன் சூட்டிலேயே காயாது. ரின்ஸ் எய்ட் ஊற்றினால் தண்ணீர் முத்தாக நிற்காமல் வழிந்துவிடும். முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கீழ்த் தட்டை முதலில் காலி பண்ணுங்கள், மேலே உள்ள டப்பாக்களில் தேங்கியது அதன்மேல் கொட்டாது.

திருப்புளி:

வாசற்படி சொன்னது சரி. உப்புக்கு வருவோம்.

மாத்திரையில் இருக்கும் பொருள் கடினத்தன்மையை ஓரளவுக்குத்தான் சமாளிக்கும். எந்த அளவு வரை என்று பெட்டியிலேயே எழுதியிருப்பார்கள். உங்கள் டம்ளரில் சுண்ணாம்பு படிகிறது என்றால் அது போதவில்லை. மெஷினுக்குள் பிசின் மணிகள் நிரம்பிய ஒரு பகுதி உண்டு, தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்வது அதுதான். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசல்தான் அவற்றைக் கழுவி மறுபடி தயார்ப்படுத்தும். நீங்கள் போடும் உப்பு பாத்திரத்தைத் தொடுவதே இல்லை. அதனால் மாத்திரையில் உள்ள 'உப்பு' இந்த வேலையைச் செய்யாது.

டிஷ்வாஷருக்கென்று விற்கும் பருமனான உப்பு மட்டும் போடுங்கள். சமையல் உப்பில் கட்டியாகாமலிருக்க ஏதாவது சேர்த்திருப்பார்கள், பொடியாக வேறு இருக்கும், அடைத்துக்கொள்ளும். போடும்போது சிந்தும், தண்ணீரும் வழியும். பரவாயில்லை, ஆனால் உடனே ஒரு கழுவல் ஓட்டிவிடுங்கள். உப்புத் தண்ணீர் அப்படியே நின்றால் எவர்சில்வர் அடித்தளத்திலும் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். மூடியை இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் உப்பு வெளியே கசிந்து எல்லாப் பாத்திரத்திலும் வெள்ளையாகப் படியும், உப்பு போட்ட பிறகு இன்னும் மோசமாகிவிட்டது என்று நீங்கள் எழுதுவீர்கள். சோதனைக் காகிதத்தை வாங்கித் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்த்து, அதற்கேற்ற எண்ணை மெஷினில் வையுங்கள். கையேடு இல்லையென்றால் கதவின் ஓரத்தில் மாடல் எண் ஒட்டியிருக்கும், அதைக் கொண்டு தேடி எடுக்கலாம்.

அந்த எண்ணை உச்சத்தில் வைக்காதீர்கள். உங்கள் மெல்லிய கோப்பைகளுக்கு நேர்ந்தது அரிப்பு. தண்ணீர் ரொம்ப மென்மையாகவும் சூடு அதிகமாகவும் இருந்தால் மாத்திரையில் உள்ள காரம் (அமிலத்துக்கு எதிரான பொருள்) கண்ணாடியையே கரைக்கும். அதைத் திருப்பிக் கொண்டுவர எந்த மருந்தும் இல்லை. மிச்சமுள்ளவற்றைக் குறைந்த சூட்டுப் புரோகிராமில் போடுங்கள், இல்லையென்றால் கையால் கழுவுங்கள். அலுமினியப் பாத்திரமும் இந்தக் காரத்தில் கறுத்துப்போகும், உள்ளே வைக்காதீர்கள்.

சில்லை எடுத்த பிறகு பம்பின் மூடியைத் திரும்ப மாட்டி, அழுத்திப் பூட்டியாயிற்றா? அது நழுவினால் விசிறி சுற்றும், தண்ணீர் மட்டும் நகராது.

நுரைப்பூ:

பூட்டியாயிற்று. உப்பு வாங்கியாகிவிட்டது, சோதனைக் காகிதம்தான் இன்னும் வரவில்லை. வந்ததும் என்ன எண் காட்டியது என்று இங்கேயே போடுகிறேன். வாசற்படி, துணியின் நிறத்தைக் கேட்டீர்களே. அதைப் படம் எடுத்துப் போடும் துணிச்சல் எனக்கு இல்லை.