சிலிகான் பாகத்தில் மட்டும் பிசிறு நிற்கிறது, ஏன்?

கேள்வி (அம்பத்தூர் பட்டறைக்காரர்):
நைட்ரைல் ரப்பரில் ஓ-ரிங், ஈபிடிஎம் ரப்பரில் குரோமெட் (ஒயர் நுழையும் ஓட்டையில் மாட்டும் வளையம்) மோல்டு செய்கிறேன். இப்போது புதிதாக சிலிகான் கேஸ்கெட் ஆர்டர். பிசிறு (மோல்டு இடுக்கில் வழிந்து பாகத்தின் ஓரத்தில் நிற்கும் மெல்லிய ரப்பர்) எடுக்க இதுவரை கத்தரிக்கோலும் பிளேடும்தான். அதற்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் ஓரத்தில் வெட்டு விழுந்து ரிஜெக்ட் ஆகிறது. அதனால் லிக்விட் நைட்ரஜனால் பிசிறை உறையவைத்து உதிர்க்கும் மெஷின் வைத்திருக்கும் ஒருவரிடம் ஜாப் ஒர்க் கொடுத்தேன். நைட்ரைல் அழகாக வந்தது. சிலிகானில் பாதிப் பிசிறு அப்படியே இருக்கிறது. அவர் என் மோல்டைக் குறை சொல்கிறார். சரிதானா?

பதில் (ஓசூர், டூல் ரூம்):
மெஷினின் குளிர் சேம்பரை எத்தனை டிகிரியில் ஓட்டினார் என்று முதலில் கேளுங்கள் சார். நைட்ரைல் அதன் கிரேடைப் பொறுத்து மைனஸ் 20 முதல் 40-க்குள்ளேயே விறைத்துவிடும். சிலிகான் முழுசாக விறைக்க மைனஸ் 120 பக்கம் போக வேண்டும். நைட்ரஜன் மைனஸ் 196-இல் கொதிப்பது, அதனால் அந்தக் குளிரை எட்ட முடியும். செலவுதான் ஏறும். நைட்ரைல் செட்டிங்கிலேயே ஓட்டியிருந்தால் சிலிகான் பிசிறு வளைந்து கொடுத்துத் தப்பித்துவிடும்.

அடுத்தது தடிமன். பிசிறு மெல்லியது என்பதால் முதலில் உறைந்து நொறுங்கும் நிலைக்கு வருகிறது, பாகத்தின் உடல் அப்போதும் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். அந்த இடைவெளியில்தான் பாலிகார்பனேட் குருணையை வேகமாக அடிக்கிறார்கள். பிசிறே தடியாக இருந்தால் இடைவெளி ஏது? நேரத்தைக் கூட்டினால் பாகத்தின் ஓரமும் சேர்ந்து பெயரும். மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள்.

பதில் (கோவை):
இதற்காக மெஷின் வாங்கும் யோசனை இருந்தால் ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு, அது அறையிலுள்ள ஆக்ஸிஜனைக் குறைத்துவிடும். வாசனை கிடையாது, மூச்சுத் திணறலும் தெரியாது, ஆள் நேராக மயங்கி விழுவார். ஆக்ஸிஜன் மீட்டர் மாட்டாமல் மூடிய ஷெட்டில் வைக்காதீர்கள். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அலாரம் அடிக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, மெஷின் வாங்கவில்லை. அளந்துவிட்டேன். ஒரு பக்கம் 0.1 மி.மீ., எதிர்ப் பக்கம் 0.4. அவர் ஓட்டியது மைனஸ் 80-இல்.

பதில் (ஓசூர், டூல் ரூம்):
அப்படியானால் அவர் சொன்னதில் பாதி சரி. மைனஸ் 80 போதாது, அது அவர் கணக்கு. 0.4 உங்கள் கணக்கு. சுற்றிலும் ஒரே மாதிரி தடித்திருந்தால் பிரிஃபார்ம் (மோல்டில் வைக்கும் பச்சை ரப்பர் துண்டு) எடை கூடுதல் என்பேன். ஒரு பக்கம் மட்டும் என்றால் மோல்டு அந்தப் பக்கம் மூடவில்லை. மோல்டை 180 டிகிரி திருப்பிப் போட்டு ஒரு ஷாட் அடியுங்கள். தடித்த பக்கம் மோல்டோடு சேர்ந்து திரும்பினால் மோல்டின் இரு பாதிகளை நேராகப் பொருத்தும் கைடு புஷ்ஷையும் அவை சேரும் பார்ட்டிங் லைனையும் பாருங்கள். பிரஸ்ஸின் அதே பக்கத்திலேயே நின்றால் பிளாட்டன் (மோல்டை அழுத்தும் பிரஸ் தட்டு) சமமாக இல்லை. அதைச் சரிசெய்த பிறகு கொஞ்சம் பாகத்தை மட்டும் மைனஸ் 120-இல் சாம்பிள் ஓட்டச் சொல்லுங்கள், முழு லாட்டையும் அனுப்ப வேண்டாம்.