ஸ்டூடியோ படத்துக்கு அனுமதி யார் தர வேண்டும்?

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதியவன். மறைந்த நாடக நடிகர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். படம்தான் சிக்கல்.

1974-இல் மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். எங்கும் அச்சில் வந்ததில்லை. அவர் மகள் கொடுத்த பிரதியை ஸ்கேன் செய்து, விக்கிப்பீடியா கட்டுரைகளுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ‘சொந்த ஆக்கம்’ என்று ஏற்றிவிட்டேன். ஸ்கேன் செய்தது நான்தானே என்ற நினைப்பு! ஒரு வாரத்தில் நீக்கிவிட்டார்கள், தப்பு என்னுடையது.

அப்புறம் ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். இப்போது அங்கே செல்போன் கடை. படம் எடுத்தவர் யாரென்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. யாரும் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுதித் தர மகள் தயார். ஆனால் உரிமை படம் எடுத்தவருக்குத்தான் என்கிறார் ஒரு நண்பர். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவைப் படித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று இருக்கிறது. காசு கொடுத்தவர் நடிகரேதான். ரசீது மட்டும் இல்லை. உரிமையாளர் அனுமதி இல்லாமலே சில தேவைகளுக்குப் பயன்படுத்தும் ‘நியாயப் பயன்பாடு’ பொதுவகத்தில் செல்லாது என்பது தெரியும்.

ரசீது இல்லாமல், வாரிசான மகளின் மின்னஞ்சல் அனுமதியை வைத்தே இந்தப் படத்தைப் பொதுவகத்தில் மீட்க முடியுமா?