சமாரியர் எழுத்துரு: உயிர்க்குறி பக்கத்து எழுத்தில் போய் உட்காருகிறது

கூர்ங்கோல்:
வணக்கம். விவிலியப் படிகளை ஒப்பிடும் நண்பருக்காக ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு வரையும் மென்பொருளில் சமாரியர் எழுத்துரு வரைகிறேன். ஒரு பத்தியில் யூதர்களின் எபிரேய பாடம், எதிர்ப் பத்தியில் சமாரியர் ஐந்நூல் (விவிலியத்தின் முதல் ஐந்து நூல்கள், அவர்கள் பாடத்தில்). அழிந்துபோன எழுத்துதானே என்று எபிரேயக் குறியிடங்களிலேயே (எழுத்தைக் கணினி அடையாளம் காணும் எண்கள்) 22 எழுத்தையும் வைத்தேன். என் கணினியில் அருமை. நண்பர் கைபேசியில் திறந்தால் இரண்டு பத்தியும் ஒரே சதுர எபிரேயம்! மேலே வரும் உயிர்க்குறிகளும் அடுத்த எழுத்தின் தலையில் நிற்கின்றன.

பழையஅச்சு:
முதலில் ஒன்று: அழியவில்லை. கெரிசீம் மலையிலும் ஹோலோனிலும் சில நூறு சமாரியர்கள் இன்றும் இதில்தான் தோரா, அதாவது அந்த ஐந்நூல், படிக்கிறார்கள். யூதர்கள் அரமேயச் சதுர எழுத்துக்கு மாறிவிட்டார்கள், இவர்கள் பழைய எபிரேய வழியை விடவில்லை.

நீங்கள் செய்தது நம்ம பழைய பாமினி எழுத்துருவின் கதை; அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்தது. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. 2009இல் வந்த யூனிகோடு 5.2இலேயே சமாரியருக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது. யூ+0800 முதல் யூ+0815 வரை 22 எழுத்தும் வரிசையாக இருக்கும். அங்கே மாற்றுங்கள். அரபி மாதிரி எழுத்துகள் ஒட்டாது, அந்தத் தலைவலி இல்லை.

கூர்ங்கோல்:
மாற்றிவிட்டேன், நன்றி அண்ணா. நண்பரின் பழைய கோப்பைத்தான் திரும்ப அடிக்கவேண்டும். குறி மட்டும் இன்னும் தள்ளியே நிற்கிறது. அகலம் பூஜ்யம்தான் வைத்திருக்கிறேன்.

வலமிடம்:
குறியைத் தொடக்கக் கோட்டுக்கு இடப்புறம் வரைந்திருப்பீர்கள், லத்தீன் பழக்கம். வலமிருந்து ஓடும் வரியில் பூஜ்ய அகலக் குறி, தன் எழுத்தின் இடது ஓரத்தில் தொடங்கும். இன்னும் இடப்புறம் வரைந்தால் அடுத்தவர் வீட்டுக்குள் போகாமல் என்ன செய்யும்? கோட்டுக்கு வலப்புறம் நகர்த்துங்கள். அது தற்காலிகம்தான். எழுத்துகளின் அகலம் வேறு வேறு என்பதால் ஒவ்வொன்றின் தலையிலும் ஆங்கர் (குறி ஒட்டவேண்டிய புள்ளி) வைத்து, குறியிலும் அதன் இணையை வைத்து, மார்க் லுக்கப்பில் (குறியை எழுத்தோடு பொருத்தும் விதியில்) சேர்க்கவேண்டும். குறியின் கிளிஃப் (வரைந்த உருவம்) வகையை ‘மார்க்’ என்று மாற்ற மறக்காதீர்கள். லுக்கப்பைச் சமாரியர் எழுத்துமுறைக்குப் பதிவு செய்தீர்களா? லத்தீனுக்கு மட்டும் என்றால் வேலை செய்யாது.

கூர்ங்கோல்:
லத்தீன்தான் இருந்தது! இப்போது உட்கார்ந்துவிட்டது. கடைசியாக ஒன்று. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் யூ+0830 நெகுதா புள்ளி போட்டேன். வரி மடங்காமல் பக்கத்தைத் தாண்டி ஓடுகிறது.

பழையஅச்சு:
நெகுதா வாக்கியத்தைப் பிரிக்கும் குறி, சொல்லைப் பிரிப்பதல்ல. சொற்பிரிப்புக்கு யூ+2ஈ31 (U+2E31), அதைவிடச் சின்னப் புள்ளி. அதையும் எழுத்துருவில் வரையுங்கள். அதன் பின்னால் வரி மடங்கலாம், நெகுதாவுக்கு அந்தச் சலுகை இல்லை.

கூர்ங்கோல்:
மடங்கியது. ஆதியாகமம் முதல் அதிகாரம் ஒரே பக்கத்தில் நிற்கிறது. அளவு கொஞ்சம் பொடிதான், நண்பர் கண்ணாடி தேடுகிறார்.