பரமக்குடிக் காரத்துக்கு என்ன குடிப்பது?

செம்பூர்ப் பொண்ணு:

வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது மும்பை செம்பூரில். எங்கள் வீட்டில் சாம்பாருக்கு ரெண்டு வத்தல் கிள்ளிப் போட்டாலே அப்பாவுக்குத் தண்ணீர்ச் சொம்பு பக்கத்தில் இருக்க வேண்டும். போன தை மாதம் கல்யாணமாகிப் பரமக்குடிக்கு வந்துவிட்டேன்.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் என் மாமியார் நாட்டுக்கோழிக் குழம்பு வைப்பார். வத்தல், மல்லி, சீரகம், மிளகு எல்லாவற்றையும் வறுத்து, சின்ன வெங்காயத்தோடு அம்மியிலேயே அரைப்பார். மேலே நல்லெண்ணெய் சிவப்பாக மிதக்கும். முதல் வாயில் மணம் தூக்குகிறது. ரெண்டாவது வாயில் கறியின் ருசி நாக்கில் நிற்கிறது. மூன்றாவது வாய்க்கு எல்லாமே போய்விடும், எரிச்சல் மட்டும்தான். விக்கல், கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர்.

"உனக்குத் தனியா காரம் குறைச்சு வச்சுத் தரவாம்மா" என்று அவர் கேட்டார். வேண்டாம் அத்தை என்று சொல்லிவிட்டேன். எனக்கு அந்தக் குழம்பு நிஜமாகவே பிடித்திருக்கிறது. எல்லோரும் சாப்பிடுவதையே நானும் ருசித்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை குடித்துப் பார்த்தவை: ஐஸ் தண்ணீர் வாயில் இருக்கும்வரை சுகம், விழுங்கியதும் எரிச்சல் திரும்ப வந்துவிடுகிறது. பன்னீர் சோடா குடித்தால் நாக்கில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் சூடாகக் காபி குடித்தேன், அதுதான் எல்லாவற்றிலும் மோசம். கொழுந்தனார் பீர்தான் சரி என்கிறார், எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தெப்பக்குளம்:

எங்கள் மதுரையில் கறிதோசை, சுக்கா என்று ஒரு கை பார்த்துவிட்டு ஜிகர்தண்டா கடைக்குத்தான் போவோம். சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ரெண்டு வாய் உள்ளே போனால் போதும், வாய் அடங்கிவிடும். ஆனால் இது சாப்பிட்டு முடித்த பிறகு. சோற்றோடு குடிக்க ஆகாது, வயிறு அதிலேயே நிறைந்துவிடும்.

முண்டு வத்தல்:

தங்கச்சி, எனக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். எங்கள் குடும்பமே மிளகாய் வெள்ளாமைதான். மானாவாரி நிலம், புரட்டாசி மழையை நம்பி விதைத்தால் மாசி, பங்குனியில் பழம் பறிப்போம். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

களத்தில் காய்ந்த பழத்தைக் கிளறி, சோடை பிரிக்கும்போது கை பற்றி எரியும். ராத்திரி தூங்க முடியாது. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் கையை விடுவேன். அம்மா இழுத்து வைத்துத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துவிடுவாள். அதைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தண்ணீர்ப் பக்கமே விடுவாள். பறிக்கப் போகிற பெண்கள் எண்ணெயைத் தடவிக்கொண்டுதான் செடியில் கை வைப்பார்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கைக்கு எதுவோ அதுதான் வாய்க்கும். ஐஸ் தண்ணீர் உங்களுக்கு உதவாமல் போனது இதனால்தான். காரத்தைக் கழுவாமல் வாய் முழுக்கப் பரப்பிவிடும்.

ஒரு முண்டு மிளகாய்ப் பழத்தை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே காம்பிலிருந்து வெளிறிய நரம்பு இறங்கும், விதையெல்லாம் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். விதைதான் காரம் என்று ஊரே சொல்லும். காரம் ஊறுவது அந்த நரம்பில். அதை உரசிக்கொண்டு கிடப்பதால் விதையிலும் ஏறிக்கொள்கிறது. குழம்பு கொதிக்கும்போது அந்தக் காரம் பெருமளவு எண்ணெயில் இறங்கிவிடும். உங்கள் அத்தை குழம்பில் சிவப்பாக மிதக்கிறதே, அதுதான். பரிமாறும்போது கரண்டியால் மேலெண்ணெயை லேசாக ஒதுக்கி அடிக்குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதே குழம்பு, அதே மசாலா, எரிச்சல் குறையும்.

சரி, குடிக்க வேண்டியது மோர். கடையில் பாக்கெட்டில் வருவது வேண்டாம், அதில் பச்சை மிளகாய் அரைத்துப் போட்டிருப்பார்கள். வீட்டில் உறைந்த கெட்டித் தயிர் ஒரு டம்ளருக்கு ரெண்டு டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். மத்தால் கடைந்து, திரளும் வெண்ணெயை எடுக்காமல் அப்படியே விட்டு, உப்பு, கசக்கிய கறிவேப்பிலை மட்டும் போடுங்கள். இஞ்சி சேர்க்காதீர்கள், அதுவும் உறைக்கும். மண்சட்டியில் வைத்த குளிர்ச்சி போதும்.

குடிக்கிற விதமும் இருக்கிறது. மடக் மடக்கென்று விழுங்கினால் பலன் பாதிதான். ஒரு வாய் மோரை நாக்கின் மேல் நிறுத்தி, கன்னத்துக்குள் ரெண்டு பக்கமும் கொண்டுபோய், பத்து எண்ணிவிட்டு விழுங்குங்கள். எரிகிறபோது மட்டும் குடிக்காமல், இலையில் உட்கார்ந்ததும் ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பியுங்கள். அப்புறம் நாலைந்து கவளத்துக்கு ஒரு வாய்.

எனக்கு ஒரே ஒரு கவலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காரத்துக்குப் பயந்து வாயை உணர்வே இல்லாமல் மரத்துப்போகச் செய்கிற மாதிரி எதையும் குடிக்காதீர்கள். ஐஸ் அதைத்தான் செய்யும். முண்டுக்கு என்று தனி மணம் இருக்கிறது. சம்பா வத்தல் நீளமாக, குத்துகிற காரமாக இருக்கும். முண்டு உருண்டையாக, கெட்டித் தோலோடு, குழம்புக்கு நிறமும் மணமும் கொடுக்கும். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அந்த மணம் நாக்குக்குத் தெரிய வேண்டும். மோர் எரிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு மணத்தை விட்டுவைக்கும்.

ஆய்வகப் பூனை:

நான் உணவு அறிவியல் படிக்கிறேன். அண்ணன் சொன்னது சரி, ஒரு திருத்தம் மட்டும்.

மிளகாயில் உறைப்பது கேப்சைசின். நம் நாக்கிலும் தோலிலும் சூட்டை உணர ஒரு உணர்வாங்கி இருக்கிறது, டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால்தான் அது விழிக்கும். கேப்சைசின் அதில் போய் உட்கார்ந்தால் சூடே இல்லாமல் "சுடுகிறது" என்று மூளைக்குச் செய்தி போகிறது. இதை 1997-இல் கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸின் குழு. 2021-இல் அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. ஏற்கெனவே விழித்திருக்கும் உணர்வாங்கிமேல் நீங்கள் சூடான காபியை ஊற்றியிருக்கிறீர்கள், அதனால்தான் அவ்வளவு வேதனை. சோடாவின் கரியமில வாயு வாயில் அமிலமாக மாறி அது தனியாகக் குத்தும்.

திருத்தம் இதுதான்: அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. அதில் கொழுப்பு நீக்கிய பாலும் முழுப் பாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு எரிச்சலைக் குறைத்தன. ஆகவே கொழுப்பைவிட, பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம்தான் பெரிய வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். வெண்ணெய் இல்லாத மோரும் உதவும். சர்க்கரை கலந்த பழச்சுவை பானமும் நன்றாக வேலை செய்தது. அங்கே கொடுத்த சாராயம் இல்லாத பீரும் கோலாவும் பெரிதாக உதவவில்லை. கேப்சைசின் சாராயத்தில் கரையும் என்பது உண்மை, ஆனால் வழக்கமான பீரில் இருக்கும் சுமார் 5 சதவீதம் அதற்குப் போதாது.

முண்டு வத்தல்:

நன்றிம்மா. இனிப்பும் உதவும் என்பது எங்களுக்குக் களத்திலேயே தெரியும். பறிப்பு நடக்கிற நாட்களில் பதநீர் வரும். கஞ்சிக்கு வத்தலைக் கடித்துக்கொண்டு, பதநீர் ஒரு பட்டையில் வாங்கிக் குடிப்போம். ஆனால் வெண்ணெய் விஷயத்தில் நான் என் அம்மா பக்கம்தான். வாயில் வழவழவென்று படிவதே ஒரு ஆறுதல்.

செம்பூர்ப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு. காலையிலேயே அத்தையிடம் மோர் கடைய மத்து கேட்டேன், விஷயத்தைச் சொன்னேன். "இதை அன்னிக்கே கேட்டிருக்கலாமேம்மா" என்று அவரே உட்கார்ந்து கடைந்தார்.

முதலில் ஒரு வாய் மோர், பிறகு அடிக்குழம்பு, பத்து எண்ணுவது, எல்லாம் அப்படியே செய்தேன். விக்கல் வரவில்லை. மூக்கில் தண்ணீர் வந்தது, அது பரவாயில்லை. ஏழாவது எட்டாவது கவளத்திலும் சீரகம் தனியாக, மிளகு தனியாகத் தெரிந்தது. நல்லெண்ணெய்க்குப் பின்னால் கொஞ்சம் இனிப்பு மாதிரி ஒரு மணம் வந்தது. அண்ணன் சொன்ன முண்டு மணம் அதுதானா?

ரெண்டாவது தடவை குழம்பு வாங்கினேன். அப்போது எண்ணெயை ஒதுக்கவில்லை.

முண்டு வத்தல்:

அதேதான் தங்கச்சி. அடுத்த பங்குனியில் களத்துக்கு வாருங்கள், அத்தையையும் கூட்டிக்கொண்டு. கையில் தடவ எண்ணெய் நான் வைத்திருக்கிறேன்.