கடைசி மணிக்கு வந்தவனுக்கும் அதே கூலியா? பங்கு வரிப் பாக்கியும் திராட்சைத் தோட்டமும்

வேர்க்கிளம்பியான்:
நேற்று பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு. நற்செய்தி மத்தேயு 20, திராட்சைத் தோட்ட வேலையாட்கள். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம் (அன்றைய ஒரு நாள் கூலி), சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் அதே ஒரு தெனாரியம். "பிறருக்குக் கிடைப்பதைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள்" என்று ஃபாதர் பத்து நிமிஷத்தில் பிரசங்கத்தை முடித்துவிட்டார். எனக்குத்தான் மனசு அங்கே நிற்கவில்லை.

போன ஜூலையில் என் சித்தப்பா இறந்தார். எங்கள் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த சபை) இல்லை, வேறு பங்கு, பெயர் வேண்டாம். காலை ஆறு மணிக்கு உயிர் போனது, ஏழரை ஆகியும் துக்க மணி அடிக்கவில்லை. என்னவென்று கேட்கப் போனால் மேசைமேல் நோட்டு விரித்து வைத்திருக்கிறது. சித்தப்பா பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் 11 வருடப் பங்கு வரிப் பாக்கி (மாதா மாதம் கோயிலுக்குக் கட்டுவது), 14,300 ரூபாய். கட்டினால் மணி, இல்லையென்றால் பேரவை (பங்கின் நிர்வாகக் குழு) கூடிப் பேச வேண்டும் என்றார்கள். என் தம்பி கொச்சியில் கம்பி வளைக்கிற வேலை பார்க்கிறவன், அப்போதுதான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். பஸ்ஸில் இருந்தபடியே நாலு பேருக்குப் போன் போட்டுக் கடன் கேட்டு, அந்தப் பணம் கைக்கு வந்து, ரசீது போட்டு, மணி அடிக்கும்போது பத்து நாற்பது.

அந்தக் கோயிலிலும் நேற்று இதே நற்செய்திதானே வாசித்திருப்பார்கள்? இது சரியா, தப்பா? சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்.

பழைய பொருளாளர்:
தம்பி, சித்தப்பாவின் ஆன்ம இளைப்பாற்றிக்கு ஜெபிக்கிறேன். மணியை நிறுத்தி வைத்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நான் ஒரு பங்கில் பொருளாளராக இருந்தவன், அந்த நோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன், அதனால் கேட்கிறேன். கோயிலுக்குக் கரண்டு பில் யார் கட்டுகிறார்கள்? கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளைக்குச் சம்பளம்? கல்லறைத் தோட்டச் சுவர் மழையில் இடிந்தபோது கட்டியது யார் காசு? மாசா மாசம் ஒழுங்காக வரி கட்டுகிறவர்கள் காசு. மற்றவர்கள் பிள்ளைக்குக் கல்யாண ஓலை (கோயிலில் கல்யாண அறிவிப்பு) வாசிக்கணும் என்றாலோ, வீட்டில் சாவு விழுந்தாலோதான் கோயில் படி ஏறுவார்கள். முந்திரி ஆலையில் பருப்பு உரிக்கிற ஒரு அக்கா, விரலெல்லாம் தோட்டுப்பால் பட்டுக் கறுத்துப்போயிருக்கும், மாசம் பிறந்தால் நூறு ரூபாய் நோட்டை நாலாக மடித்துக் கொண்டுவந்து தருவார். 11 வருடம் எட்டிப் பார்க்காதவருக்கும் அவருக்கும் ஒரே மரியாதை என்றால் அந்த அக்காவிடம் நான் என்ன சொல்ல?

இன்னொன்று. உவமையில் நிலக்கிழார் எடுத்துக் கொடுத்தது அவருடைய சொந்தப் பணம். "எனக்குரியதை நான் என் விருப்பப்படி கொடுக்கக்கூடாதா" என்று கேட்கிறார், கேட்கலாம். பேரவைக்காரன் கையில் இருப்பது ஊர்ப்பணம். அதே உவமையில் கூலியை எண்ணிக் கொடுக்கிற மேற்பார்வையாளர் ஒருவர் வருகிறாரே, நாங்கள் அந்த ஆள். தள்ளுபடி செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை.

துபாய் கொத்தனார்:
பொருளாளர் சார் பக்கம் நான். இங்கே எனக்குக் கீழே 22 பேர் வேலை செய்கிறார்கள். அஞ்சு மணிக்கு வந்தவனுக்கு முழுக் கூலி கொடுத்தால் மறுநாள் காலையில் ஒருத்தனும் வர மாட்டான், எல்லாரும் அஞ்சு மணிக்குத்தான் வருவான். மறுநாள் அந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று இயேசு சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? 😀

மறைக்கல்வி டீச்சர்:
ஞாயிறு வகுப்பில் இதே கேள்வியை ஏழாங்கிளாஸ் பையன் ஒருத்தன் கேட்டான், கொத்தனார் அண்ணா. அவனிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அஞ்சு மணி ஆட்கள் அஞ்சு மணிக்கு "வரவில்லை". அவர்கள் சந்தைவெளியிலேயே நின்றுகொண்டுதான் இருந்தார்கள். "ஏன் நாள் முழுவதும் வேலை செய்யாமல் நிற்கிறீர்கள்" என்று கேட்டபோது அவர்கள் சொன்ன பதில், "எங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை". மார்த்தாண்டம், தக்கலை ஜங்ஷனில் காலையில் தூக்குவாளியோடு நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தெம்பாக இருக்கிறவனை மேஸ்திரி முதலில் கூட்டிப்போவார். வயசானவரும் நோயாளியும்தான் கடைசி வரை நிற்பார்கள். அவர் வீட்டு அரிசிக்கு அரைநாள் விலை, கால்நாள் விலை என்று உண்டா?

அப்புறம், கூலி கொடுத்த வரிசை. கடைசியில் வந்தவர் தொடங்கி முதலில் வந்தவர் வரை கொடுங்கள் என்கிறார் நிலக்கிழார். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் ஒரு சண்டையும் இல்லை, பேசின கூலியை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். வேண்டுமென்றே அவர்களை நிற்க வைத்துப் பார்க்க வைக்கிறார். முந்தின அதிகாரத்தில், 19:27இல், "நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்" என்று பேதுரு கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே இந்தக் கதை வருகிறது. அதாவது இது ஊரில் இருக்கிற சோம்பேறிகளுக்குச் சொன்னதில்லை, பேரவையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சொன்னது. கோபித்துக்கொள்ளாதீர்கள் பொருளாளர் அண்ணே.

பழைய பொருளாளர்:
கோபமெல்லாம் இல்லை டீச்சர். ஆனால் பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதினதையும் வகுப்பில் சொல்லிக்கொடுங்கள், உழைக்க மனமில்லாதவர் உண்ணக் கூடாது என்று. திருச்சபைச் சட்டம் 222ஐயும் சொல்லுங்கள், திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்று அதில் இருக்கிறது. வரி என்பது நானும் இன்னும் நாலு பேரும் உட்கார்ந்து கண்டுபிடித்தது இல்லை.

மறைக்கல்வி டீச்சர்:
சட்டத்தை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. அதே 1983 சட்டத் தொகுப்பில் 1181ஐப் பாருங்கள். அடக்கத்துக்கான காணிக்கை பற்றிச் சொல்லும்போது, ஆள் பார்த்து நடக்கக்கூடாது, ஏழைகளுக்கு உரிய அடக்கம் இல்லாமல் போய்விடக்கூடாது என்கிறது. அடுத்து 1184. யாருக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கணும் என்று அங்கே பட்டியலே இருக்கிறது: விசுவாசத்தை வெளிப்படையாக மறுதலித்தவர், பிரிவினைக்காரர், விசுவாசத்துக்கு விரோதமான காரணத்துக்காகத் தன் உடலை எரிக்கச் சொன்னவர், ஊரறிந்த பாவி. அவர்களுக்கும்கூட, சாவதற்கு முன் மனம் வருந்தின அடையாளம் இருந்தால் மறுக்கக்கூடாது. மாதம் நூறு ரூபாய் பாக்கி வைத்தவர் இதில் எந்த வகை? சந்தேகம் வந்தால் ஆயரைக் கேட்கணும் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது, பேரவை நோட்டைக் கேட்கணும் என்று இல்லை.

கரைமடி:
மக்கா, நீங்கள் மேட்டுக்காரர்கள் சட்டம் பேசுகிறீர்கள், நான் கடற்கரைக்கதை ஒன்று சொல்கிறேன். எங்கள் அப்பா காலத்தில் கரைமடி (கரையில் நின்று இழுக்கிற வலை) இழுக்கும்போது பாதி மடி கரை ஏறின பிறகு ஓடிவந்து கயிற்றைப் பிடிக்கிற கிழவனார் ஒருத்தர் உண்டு. இழுப்பதற்குத் தெம்பு கிடையாது, சும்மா கயிற்றில் கை வைத்திருப்பார், அவ்வளவுதான். பங்கு பிரிக்கும்போது அவருக்கும் கறிக்கு மீன் விழும். ஒருநாள் நான் சின்னப்பையன், "இவருக்கு எதுக்கு" என்று கேட்டுவிட்டேன், அப்பா ஈரத் துண்டால் முதுகில் ஒன்று போட்டார். பதில் ஒன்றும் சொல்லவில்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து போன பிறகு எங்கள் கரையில் ஒரு வீட்டிலும் யாரும் வரி நோட்டைக் காட்டவில்லை. ஆள் திரும்பி வராத வீட்டில் பாக்கி எவ்வளவு என்று எவன் கேட்பான்?

பழைய பொருளாளர்:
ஒக்கி வேறு தம்பி. புயலில் எல்லார் மனசும் ஒன்றாக இருக்கும். சாதாரண நாளில்தான் கஷ்டம். கல்ஃப் பணத்தில் இரண்டு மாடி போட்டு, வீடு குடியேறுவதற்கு ஊருக்கே பிரியாணி போட்டவர், "இந்த வருஷம் கொஞ்சம் டைட்" என்று என்னிடம் சொன்னார். அவருக்கும் ஒரு தெனாரியமா?

துபாய் கொத்தனார்:
சார் கல்ஃபை இழுக்காதீர்கள். நான் ஒழுங்காகக் கட்டுகிறேன்.

தக்கலை வாசகன்:
ரொம்ப நேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். இந்த உவமையின் 14ஆம் வசனத்தில் வருகிற "கடைசியில் வந்த இவருக்கும்" என்ற சொற்களைத் தலைப்பாக வைத்து ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின் பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போகும்போது காந்தி அதை வாசித்துத் தூக்கமில்லாமல் கிடந்தார், பிறகு அதைக் குஜராத்தியில் சர்வோதயம் என்ற பெயரில் தந்தார். ஞானஸ்நானம் வாங்காத மனுஷர் ஒரு ராத்திரியில் பிடித்துக்கொண்டதை நாம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்டுவிட்டுக் கோயில் வாசலில் செருப்புத் தேடுகிறோம்.

இரண்டாவது, நம்ம நட்டாலத்து தேவசகாயம். 1712இல் பிறந்தார், வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கும்போது 1745, வயது 33. 1752 ஜனவரியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கிறிஸ்தவராக வாழ்ந்தது ஏழு வருடம்கூட நிறையவில்லை, அதிலும் கடைசிக் காலம் சிறையும் சித்திரவதையும். 2022இல் புனிதர் பட்டம். மூன்று நாலு தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்கின வீட்டுக்காரர்கள் அன்றைக்கும் இருந்திருப்பார்கள், அவர்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்?

பழைய பொருளாளர்:
அவர் உயிரையே கொடுத்தார் ஐயா. வரிப் பாக்கிக்காரருக்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது கொஞ்சம் அதிகம்.

தக்கலை வாசகன்:
அதுவும் சரிதான். வாபஸ். ஆனால் காந்தி நிற்கட்டும்.

வேர்க்கிளம்பியான்:
எல்லாருக்கும் நன்றி. பொருளாளர் ஐயாவுக்கு ஒன்று சொல்லணும். சித்தப்பாவுக்கு மாடி வீடு இல்லை, ஓட்டு வீடு. ரப்பர் பால் வெட்டப் போகிறவர். மழை பெய்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத நாளில் கூலியும் கிடையாது. கடைசி நாலு வருஷம் வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். வரி கேட்டு வந்தவர்களிடம் "அடுத்த மாசம்" என்று சொல்லிச் சொல்லி, பிறகு அவர்கள் வரும் சத்தம் கேட்டால் பின்கட்டுக்குப் போய்விடுவாராம், சித்தி சொன்னார். அந்த வெட்கத்தில்தான் பூசைக்கும் போகாமல் நின்றுவிட்டார். பக்கத்தில் பெந்தெகொஸ்துக்காரர்கள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. தலையணைக்கடியில் ஜெபமாலை இருந்தது, அதைத்தான் கையில் சுற்றி வைத்தோம். அன்பியக் கூட்டம் (பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிப்பது) எங்கள் சித்தி வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் நடக்கும், அதில் ஒருத்தர்கூட வந்து "எவரும் உங்களைக் கூப்பிடவில்லையா" என்று கேட்டதில்லை. இதை நான் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டத்தான்.

மறைக்கல்வி டீச்சர்:
குத்தட்டும் தம்பி. நிலக்கிழார் ஒரே நாளில் அஞ்சு தடவை சந்தைவெளிக்குப் போகிறார், விடியற்காலை, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஐந்து. மேற்பார்வையாளரை அனுப்பவில்லை, தானே நடந்து போகிறார். நாங்கள் அன்பியத்தில் பாட்டு பாடி, காப்பி குடித்துவிட்டு எழுந்து போகிறோம். எங்கள் பங்கிலும் அதே கதைதான், நான் ஒருங்கிணைப்பாளர், என்னையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பழைய பொருளாளர்:
தம்பி, டயாலிசிஸ் விஷயம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு வீடு என்றால் நான் இருந்த காலத்தில் நோட்டில் "இயலாதவர்" என்று எழுதிக் கோடு போட்டுவிடுவோம். அதற்கு யாராவது வந்து சொல்லணும், எங்களுக்குத் தானாகத் தெரியாது. (தெரிந்துகொள்ளப் போனதும் இல்லை என்று டீச்சர் சொல்வார், அதையும் நானே எழுதிவிடுகிறேன்.) அடக்கத்துக்கும் வரிக்கும் முடிச்சுப் போடக்கூடாது, அதை ஒத்துக்கொள்கிறேன். கல்யாண ஓலை விஷயத்தில் நான் மாற மாட்டேன், பிரியாணி போடக் காசு இருக்கிறவரிடம் கேட்கத்தான் வேண்டும்.

அது இருக்கட்டும், ஒரு கணக்கு இடிக்கிறது. மாதம் நூறு, 11 வருடம், 13,200தான் வரும். நீங்கள் 14,300 என்றீர்கள். மீதி 1,100 எதற்கு? ரசீது இருந்தால் பாருங்கள்.

வேர்க்கிளம்பியான்:
தம்பியிடம் கேட்டு வாங்கினேன், போட்டோ அனுப்பினான். கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. "வாணவேடிக்கை, வருடம் 100 வீதம், 11 வருடம்."

கரைமடி:
அடப்பாவிகளா.

பழைய பொருளாளர்:
அது வரி கிடையாது. கோயில் திருவிழாவின் பத்தாம் நாள் வெடிக்கு விருப்பம் உள்ளவர்கள் கொடுப்பது, பாக்கி எழுதவே முடியாது. அந்த 1,100ஐத் திருப்பிக் கேளுங்கள் தம்பி. நேராகப் பேரவைக்குப் போக வேண்டாம், பங்குத்தந்தையிடம் எழுத்தில் கொடுங்கள், ரசீது நகலை இணையுங்கள். மனு எப்படி எழுதுவது என்று தனியாக அனுப்புகிறேன். நான் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம், அந்தப் பேரவையில் என் மச்சான் இருக்கிறார்.