ட்ரயல்ஸ் அட்டைக்கு ஒரு சொல் வேண்டும்: கால் ஊன்றுவதை என்னவென்று எழுதுவது?

கோட்டையூர், திங்கள் காலை

மடற்குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். வியாழன் மாலைக்குள் அச்சகத்துக்கு ஓர் அட்டை போயாக வேண்டும். ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

செம்புரான் கல் வெட்டிக் கைவிட்ட குழி ஒன்றில், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் பைக்கில் ட்ரயல்ஸ் பழகுகிறோம். இது வேகப் போட்டி இல்லை. பாறை, சரளை, மரவேர், ஓடைச் சேறு உள்ள ஒரு துண்டு நிலத்துக்கு இரு பக்கமும் நாடா கட்டியிருக்கும். அதற்குள் கால் வைக்காமல் வண்டியை ஓட்டி வெளியே வரவேண்டும். ஒரு தடவை கால் வைத்தால் 1, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை வைத்தாலும் 3. விழுந்தாலோ நாடாவைத் தாண்டினாலோ 5. காலே வைக்காவிட்டால் 0. எல்லாவற்றையும் கூட்டி யாருக்குக் குறைவோ அவர் வென்றார். இரண்டு பேர் சமமாக வந்தால் 0 அதிகம் வைத்திருப்பவருக்குப் பரிசு.

போன தடவை அட்டையில் ‘மதிப்பெண்’ என்று அச்சடித்திருந்தோம். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பையன் ஒருவன் 31 எடுத்தான். தனக்குத்தான் அதிகம் என்று அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டு ஆத்தாவிடம் சொல்லிவிட்டான். பரிசு 9 எடுத்தவருக்குப் போனது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அரைமணி நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தான். சொல்லைத் தப்பாகப் போட்டது நாங்கள், அவன் மேல் குற்றமில்லை.

கால் வைப்பதற்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும். அட்டையில் எழுதவும் வேண்டும், எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லவும் வேண்டும்.

தேவகோட்டை, திங்கள் மாலை

தம்பி, சொல்லைத் தேடி எங்கும் போக வேண்டாம். இலக்கணத்தில் ஆயத்தமாக இருக்கிறது: வழு. பிழையில்லாமல் வந்தால் வழாநிலை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழுவைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிதும் இல்லை. வழுவு, வழுக்கு எல்லாம் ஒரே வேர். வழுக்கியதால்தானே கால் வைக்கிறான்? பொருளும் ஓசையும் சேர்ந்து வருகின்றன.

பள்ளத்தூர், திங்கள் இரவு

தேவகோட்டை ஐயா சொல்வது அழகு. ஆனால் 415ஆம் குறளை நினைத்துப் பாருங்கள்: “இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்க முடையார்வாய்ச் சொல்.” இழுக்கல் என்றால் வழுக்கல். வழுக்கும் நிலத்தில் நடப்பவனுக்கு ஊன்றுகோல். இந்த விளையாட்டை ஒரே அடியில் சொல்லிவிட்டார் வள்ளுவர். முந்தின குறளில் “ஒற்கத்தின் ஊற்றாந் துணை” என்கிறார். இரண்டு இடத்திலும் ஊன்றுதான், ன் என்பது ற் ஆக வலித்து, ஊற்று என நிற்கிறது. ஆகவே ஊற்று என்றே வைக்கலாம் என்பது என் துணிபு.

ஊன்று எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். பந்தக்கால் ஊன்றுகிறோம், கடலை ஊன்றுகிறோம், மாங்கொட்டை ஊன்றுகிறோம். எல்லாவற்றிலும் ஒரு பொருள் மண்ணுக்கு உள்ளே போகிறது. உள் என்பதே நீண்டு ஊள் ஆகி, ஊன்று ஆனது என்று கருதுகிறேன். ஊன் என்ற சொல்லையும் இதனோடு பொருத்தலாம்; உடம்பின் உள்ளே இருப்பது ஊன். இதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, நாளை தொடர்கிறேன்.

தேவகோட்டை, திங்கள் இரவு

ளகரம் எப்படி ன்று ஆகும் என்று காட்டாமல் ‘கருதுகிறேன்’ என்றால் எப்படி? ஊனை இதில் சேர்ப்பதை நான் ஒப்பவில்லை. ஊற்று என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் தண்ணீர்தான் ஞாபகம் வரும். அட்டையில் ‘ஊற்று 3’ என்று இருந்தால் ஓடையைக் குறிக்கிறது என்பார்கள்.

காரைக்குடி பட்டறை, செவ்வாய் காலை

ஐயா, நான் படிச்சது கம்மி. பட்டறையில கேட்கிறதைச் சொல்றேன். குழியில வேடிக்கை பார்க்க வர்ற சனம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே “ஊணிட்டான், ஊணிட்டான்”னு கத்துது. பாண்டி ஆடற பிள்ளைகளும் நொண்டி அடிக்கையில அடுத்த காலை வச்சா அதையேதான் சொல்லும். வழுன்னு ஒருத்தர் வாயிலயும் வரலை.

கோட்டையூர், செவ்வாய் காலை

பட்டறை அண்ணன் சொன்னது எனக்குப் பெரிய உதவி. வழுவை ஏற்க எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, கணினித் தமிழில் மென்பொருள் பிழைக்கு வழு என்று பல ஆண்டுகளாக எழுதிப் பழகிவிட்டோம். இரண்டாவதுதான் முக்கியம். கால் வைப்பது எப்போதும் பிழை ஆகாது. பாறை விளிம்பில் முன்சக்கரம் ஏறிவிட்டது, பின்சக்கரம் சரளையில் சுற்றுகிறது, வண்டி சாய்கிறது. அந்த நொடியில் இடது காலை ஒரு முறை வைத்துத் தள்ளினால் 1. வீம்புக்கு வைக்காமல் விட்டால் விழுந்து 5. தெரிந்தே ஒன்றைக் கொடுத்து நாலை மிச்சம் பிடிப்பதுதான் நல்ல ஓட்டுநரின் புத்தி. அதைப் போய்ப் பிழை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தாங்குவதற்காக வைப்பதால் ஊன்று பொருந்துகிறது.

சிலர் தனி மடலில் காலடி, மிதி, காலூன்று என்றும் எழுதியிருந்தார்கள். கால் என்ற சொல்லே உள்ளே வரக்கூடாது. தோள் பாறையில் சாய்ந்தாலும், ஹேண்டில்பார் மரத்தில் முட்டுக் கொடுத்து நின்றாலும் அதே 1தான். டயர், கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தகடு, இந்த மூன்றும் பாறையில் படலாம். வேறு எது பட்டுத் தாங்கினாலும் கணக்கு.

தேவகோட்டை, செவ்வாய் மதியம்

பார்த்தீர்களா, அந்த மூன்று விலக்குக்கும் பெயர் என்ன? பிழைபோலத் தோன்றினாலும் சான்றோர் ஏற்றுக்கொண்டது வழுவமைதி. அடித்தகடு பாறையில் உரசுவது வழுவமைதி! வழு, வழாநிலை, வழுவமைதி மூன்றும் சேர்ந்து ஒரு முழு அமைப்பாகக் கிடைக்கும்போது ஒற்றைச் சொல்லான ஊன்றைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஊன்றுக்கு எதிர்ச்சொல் சொல்லுங்கள் பார்ப்போம். அதோடு, ‘தொழிலில் கால் ஊன்றிவிட்டான்’ என்பது பாராட்டு. பாராட்டுச் சொல்லை இழப்புக்கு வைக்கலாமா?

கானாடுகாத்தான், செவ்வாய் இரவு

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கால் வைப்பதற்கு எந்தச் சொல்லையாவது வையுங்கள். அந்தப் பையன் ஏமாந்தது அந்தச் சொல்லால் இல்லையே, ‘மதிப்பெண்’ என்ற தலைப்பால்தானே? அதை ஏன் யாரும் தொடவில்லை?

எங்கள் வீட்டில் ஐயா காலத்துக் கணக்கு நோட்டு பெட்டகத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் பற்று. பற்று ஏற ஏறக் கவலை, குறைந்தால் நிம்மதி. இதைச் செட்டிநாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தலைப்பைப் ‘பற்று’ என்று போடுங்கள். 31 பற்று என்று பார்த்திருந்தால் அந்தப் பிள்ளை போனை எடுத்திருக்குமா?

இன்னொன்று. ஓட்டுநர் கூடவே ஓடி, வண்டி சாய்ந்தால் பிடிக்க ஒருவர் நிற்பார் என்று கோட்டையூர் முன்பு ஒரு முறை எழுதியிருந்தது. அவருக்கு அடுத்தாள் என்று பெயர் வையுங்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் மேலாளுக்கு அடுத்தபடி பொறுப்பில் இருந்தவர் அடுத்தாள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாக உயர்ந்து, பிறகு மேலாளாவது வழக்கம். நல்ல சொல், வீட்டுப் பேச்சில்கூடப் போய்விட்டது. இப்படியாவது பிழைத்திருக்கட்டும்.

கோட்டையூர், செவ்வாய் இரவு

ஆச்சி, அடுத்தாளை இப்போதே எழுதிவிட்டேன். இதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

காரைக்குடி பட்டறை, புதன் காலை

ஆச்சி சொன்ன அடுத்தாள் பிரமாதம். பற்றுக்குத்தான் எனக்குச் சங்கடம். இந்த ஆட்டமே பற்றுலதான் இருக்கு, டயருக்கும் பாறைக்கும் உள்ள பற்று. ட்ரயல்ஸ்க்குன்னே வர்ற வண்டிக்குப் பின் டயர்ல 4, 5 பி.எஸ்.ஐ. காத்துதான் வைப்பாங்க. ரோட்டு வண்டிக்கு 30 பக்கம் இருக்கும். காத்துக் குறைஞ்சா டயர் பாறையைக் கவ்வும். கட்டை விரலால அமுக்கினா உள்ள போகணும். நம்ம ஆளுங்க பழைய ஆர்எக்ஸ் 100, இம்பல்ஸ்னு எதையாவது மாத்தித்தான் ஓட்டுறாங்க. ட்யூப் டயர்ல அவ்வளவு குறைச்சா டயர் ரிம்முல நழுவி வால்வைப் பிச்சிடும், டயரை ரிம்மோட கவ்விப் பிடிக்கிற ரிம் லாக் போடணும். ஒரு வண்டியில முந்தாநாள் அதுதான் ஆச்சு.

இவ்வளவும் பற்றுக்காகத்தான் பண்றோம். பசங்ககிட்டே “பற்று வேணும், பற்று வேணும்”னு சொல்லிட்டு அட்டையில “பற்று கூடாது”ன்னா குழம்பிடுவாங்க.

இன்னொரு வேண்டுகோள், அட்டை பின்பக்கம் காலியா இருந்தா இதைப் போடுங்க: குழியில ஓட்டின அன்னைக்கு ராத்திரியே ஏர் ஃபில்டரைக் கழட்டணும். செம்மண் மாவு மாதிரி ஃபோம்ல ஏறி நிக்கும். மண்ணெண்ணெயில அலசி அமுக்கிப் பிழியணும், முறுக்கினா கிழியும். நல்லாக் காஞ்சப்புறம் ஃபில்டர் ஆயில் தடவி மாட்டணும். ஆயில் இல்லாமக் காய்ஞ்ச ஃபோமை மாட்டினா மண்ணு நேரா சிலிண்டருக்குத்தான் போகும். நாள் பூரா ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டுற வண்டி, கிளட்ச் கேபிளையும் பார்க்கச் சொல்லுங்க. லிவர்கிட்டே ஒரு இழை பிரிஞ்சிருந்தாலே மாத்திடணும்.

கானாடுகாத்தான், புதன் காலை

பட்டறைத் தம்பி சொல்வது நியாயம். டயருக்குப் பிடிப்பு என்று சொல்லிப் பழக்கினால் பற்று கணக்குக்கு மிச்சமாகும். யோசியுங்கள்.

ஈப்போ (மலேசியா), புதன் மதியம்

பக்கத்தில் நின்று எண்ணுபவரைக் கண்காணி என்று யாரோ எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். கூலிகளை மேய்த்த கங்காணி என்ற சொல்லை அவர் எப்படிச் சொல்வார் என்று கேட்டு வளர்ந்தவன் நான். வேறு எதையாவது வையுங்கள்.

கோட்டையூர், புதன் மதியம்

எடுத்துவிட்டேன் ஐயா. ‘எண்ணுபவர்’ என்று போடுகிறேன்.

பள்ளத்தூர், புதன் மாலை

ட்ரயல்ஸ் என்பதையே ஏன் அப்படியே விடுகிறோம்? புதுத் தேரை முதலில் ஓட்டிப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். ஸ்காட்லாந்தில் 1909இல் தொடங்கிய ஆறு நாள் போட்டியும் வண்டி தாங்குமா என்று பார்க்கப் பிறந்ததுதான். நம் ஊரில் ஓடும் புல்லட்டும் அந்த வழியில் வந்தது. 1948இல் இங்கிலாந்தில் இத்தகைய போட்டிகளில் ஓடிக் காட்டிய வண்டி, 1955க்குப் பிறகு சென்னையில் செய்யப்பட்டது. 2019இல் புல்லட் ட்ரயல்ஸ் என்றே ஒன்றை விற்றார்கள். வண்டியைச் சோதிப்பதே இதன் வேர் என்பதால் வெள்ளோட்டம் என்று துணியலாம்.

கோட்டையூர், புதன் மாலை

வேர் அதுதான். இன்றைக்குச் சோதிக்கப்படுவது ஆள். உலகப் போட்டி 1975இல் தொடங்கியது. ஸ்பெயினின் டோனி போவ் 2007 முதல் ஆண்டுக்கு ஆண்டு பட்டம் வாங்கிக் குவித்தாரே, வண்டியின் உறுதிக்காகவா அவரைப் பார்க்கப் போகிறோம்? வெள்ளோட்டம் என்றால் உண்மையான ஓட்டம் பிறகு வரும் என்று பொருள். இதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, இதுவே ஓட்டம். ட்ரயல்ஸ் அப்படியே இருக்கட்டும்.

கோட்டையூர், புதன் இரவு

எண்ணிப் பார்த்தேன். ஊன்றுக்கு ஆறு பேர், வழுவுக்கு இரண்டு பேர், ஊற்றுக்குப் பள்ளத்தூர் மட்டும். வெட்டு, குத்து போல ஊன்றும் முதனிலைத் தொழிற்பெயராக நிற்கும், விகுதி வேண்டாம். தலைப்புக்குக் கருத்துச் சொன்ன ஆறு பேரில் மூன்று பேர்தான் பற்றை ஏற்றார்கள். ஆகவே ‘மொத்தப் பற்று’ என்று போட்டு, அடியிலேயே ‘குறைந்தவரே வென்றவர்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறேன். 0க்குச் ‘சுழி’. 5க்குப் பெயர் எதுவும் அமையவில்லை, எண்ணாகவே இருக்கும். அண்ணன் சொன்ன ஏர் ஃபில்டர் குறிப்பு பின்பக்கம் வருகிறது. காலையில் அச்சகத்துக்குப் போகிறேன்.

தேவகோட்டை, வியாழன் காலை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் ஊன்றுக்கு எதிர்ச்சொல் என்ன என்ற கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. என் மாணவர்களுக்கு வழாநிலை என்றே சொல்லிக் கொடுப்பேன்.

காரைக்குடி பட்டறை, வியாழன் இரவு

தம்பி, அட்டை பார்த்தேன், நல்லா வந்திருக்கு. சாயங்காலம் குழிக்குப் போயி ரெண்டு பசங்களை ஓட்ட வச்சு, நான் எண்ணுபவரா நின்னு கத்திப் பார்த்தேன். ஒரு சிக்கல். சைலன்சர் சத்தத்துல “ஊணு”ன்னு நான் கத்தினா அந்தப் பக்கம் எழுதறவனுக்கு “மூணு”ன்னு கேட்குது. ஒரு தடவைதான் ஊணினான், அட்டையில 3 ஏறிப்போச்சு.

கோட்டையூர், வியாழன் இரவு

அண்ணே, அச்சாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எண்ணுபவர் வாயால் எதுவும் சொல்ல வேண்டாம், விரலைத் தூக்கிக் காட்டட்டும். எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தேவகோட்டை, வெள்ளி காலை

வழு என்று கத்தியிருந்தால் எந்த எண்ணோடும் மயங்கியிருக்காது.

பள்ளத்தூர், வெள்ளி காலை

ஊற்று என்றாலும் மயங்காது. ஊள் பற்றி நான் எழுதுவதாகச் சொன்னது நாளை வரும்.